பெயரும் ஓர் அமானிதம்

உடைமை என்றதும் நம் உள்ளத்தில் நிலமும் வீடும் நகையும் நாணயமுமே தோன்றுகின்றன. கண்ணால் காணத்தக்கதும் கையால் பற்றத்தக்கதுமே பொருள் என்பது நெடுங்காலமாக நிலவி வரும் எண்ணம். அங்ஙனமாயின் ஒருவர் தம் கடைக்கு இட்ட பெயர், தம் சரக்கின் மீது பொறித்த முத்திரை, தாம் எழுதிய எழுத்து, தாம் எடுத்த படம் ஆகியவை பொருளாகுமா? பொருளாகுமெனில், அவற்றை உரியவரின் இசைவின்றி எடுத்தாள்வது களவாகுமா? இவ்வினாக்கள் நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியவையல்ல. ஹலால், ஹராம் பேணி உண்ண விரும்பும் ஒவ்வொரு வணிகரின் மனச்சான்றுக்கும் உரியவை.

நம் காரைக்காலில் இன்று வாணிபம் பாரதியார் வீதியோடும் மார்க்கெட்டோடும் நின்றுவிடவில்லை. வீட்டு அடுக்களையில் தம்ரூட்டும் வட்டலப்பமும் செய்து கைப்பேசி வழியே விற்கும் பெண்மக்கள் உளர். அத்தரும் புர்காவும் ஊறுகாயும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விலை கூறப்படுகின்றன. கடையில்லை, பலகையில்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. இத்தகைய வணிகருக்கு உள்ள முதலெல்லாம் ஒரு பெயரும் சில படங்களும் வாங்குவோரின் நம்பிக்கையுமே ஆகும். ஆதலின் முன்னெப்போதையும் விட இன்று இவ்வினாவுக்கு விடை காண்பது நமக்குக் கடமையாகிறது.

மத்ரஸாவில் பாடம் சொல்லும் முறையில் ஒரு மஸ்அலாவை அமைத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி ஆறாண்டுகளாக ஒரு பெயரில் இனிப்புச் செய்து விற்று வருகிறார். நெய்யிலும் முந்திரியிலும் குறை வையாமல் செய்து நற்பெயர் ஈட்டியிருக்கிறார். வேறொருவர் அப்பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, அப்பெண்மணியின் பக்கத்திலிருந்த படங்களையே எடுத்துப் போட்டு, குறைந்த விலையில் விற்கத் தொடங்குகிறார். மயங்கி வாங்கியவர்கள் ஊசிப்போன பண்டத்தைப் பெற்று, முதற்பெண்மணியை ஏசுகிறார்கள். இங்கே எவரெவருடைய உரிமை பறிபோயிற்று? எண்ணிப் பார்த்தால் மூவர் தெரிகின்றனர். வாங்கியவர் ஏமாந்தார். பெயருக்குரியவர் வருவாயையும் மானத்தையும் இழந்தார். படம் எடுத்தவரின் உழைப்பு கேளாமல் கொள்ளப்பட்டது. செயல் ஒன்று; அநீதி மூன்று.

முதல் அநீதியைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடே இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கடிந்துகொண்ட வரலாற்றை அறியாதார் யார்? அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருமறையின் 83ஆம் அத்தியாயம் அமைந்திருக்கிறது. ஈரத்தை மறைத்தல் மோசடியாயின், இன்னாரின் சரக்கு என்னும் பொய்யான தோற்றத்தால் தம் சரக்கை மறைத்தலும் மோசடியே. வணிக முத்திரை என்பது வாங்குவோர் முன் சொல்லப்படும் ஒரு சாட்சியம். ‘இதனை நானே செய்தேன், இதற்கு நானே பொறுப்பு’ என்பதே அதன் பொருள். பிறர் முத்திரையைப் பொறிப்பவர் பொய்ச்சாட்சி பகர்கிறார்.

இரண்டாவதும் மூன்றாவதும் தாம் ஆராய்ச்சிக்குரியவை.

பொருள் என்பது யாது?

நம் இமாம்கள் ‘மால்’ என்னும் சொல்லுக்கு வகுத்த இலக்கணத்தில் வேறுபாடு உண்டு. ஹனபீ மத்ஹபின் முன்னோர்கள், சேமித்து வைக்கத்தக்க பருப்பொருளையே மால் என்றனர். பயன்பாடும் வெறும் உரிமையும் தம்மளவில் மால் ஆகா என்பது அவர்கள் கொள்கை. ஷாபிஈ மத்ஹபிலோ பயனும் மாலே. விற்கத்தக்க மதிப்பு உடையதாயும், அழித்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டதாயும் இருப்பதே மால் என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் கருதியதை இமாம் சுயூத்தீ (ரஹ்) எடுத்துக்காட்டுகிறார்கள். நம் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபிஈகளாதலின், இவ்விலக்கணம் நம் பகுதிக்குப் புதியதன்று.

ஹனபீ அறிஞர்களும் இவ்விடத்தில் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. அநாதையின் சொத்து, வக்பு சொத்து, வாடகைக்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட சொத்து ஆகிய மூன்றின் பயனை ஒருவர் அபகரித்தால் ஈடு தரவேண்டும் எனப் பிற்கால ஹனபீகள் தீர்ப்பளித்தனர். ஒரு பதவியிலிருப்பவர் பணம் பெற்றுக்கொண்டு அதனை மற்றொருவருக்கு விட்டுக்கொடுப்பதையும் வழக்காறு கருதி அனுமதித்தனர். பருப்பொருள் அல்லாத உரிமைக்கும் மதிப்பு உண்டு என்பதை வாழ்க்கை அவர்களுக்கு உணர்த்தியது.

அண்மைக் காலத்திலும் இக்கருத்து வேறுபாடு தொடர்ந்தது. பதிப்புரிமையை ஒப்புக்கொள்ளாத பெரியோர்களுள் முப்தீ முஹம்மது ஷபீ (ரஹ்) ஒருவர். அவர்களுடைய புதல்வரான முப்தீ முஹம்மது தகீ உஸ்மானீ, ஆராய்ந்தபின் அதனை ஒப்புக்கொண்டார். தந்தையின் கருத்தை மைந்தர் மரியாதையோடு மறுத்துரைத்தல் நம் கல்வி மரபுக்கு அழகேயன்றி இழுக்கன்று.

இறுதியில் 1988 டிசம்பர் 10 முதல் 15 வரை குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய பிக்ஹு அகாடமியின் ஐந்தாம் அமர்வு ஒரு முடிவை வெளியிட்டது. வணிகப் பெயர், வணிக முகவரி, வணிக முத்திரை, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை உரியவரின் தனி உரிமைகள். இக்கால வழக்கில் அவை பணமதிப்புப் பெற்றுவிட்டன. ஷரீஅத் அவற்றை மதிக்கிறது. அவற்றின் மீது அத்துமீறல் கூடாது என்பது அதன் சாரம். ஏமாற்று இல்லாதவிடத்து அவ்வுரிமைகளை விற்கவும் மாற்றிக்கொடுக்கவும் செய்யலாம் என்றும் கூறப்பட்டது. வழக்காறு தீர்ப்பளிக்கும் என்னும் பிக்ஹு விதியே இம்முடிவின் அடித்தளம் என்பது நோக்கற்பாலது. மக்கள் எதனை விலை கொடுத்து வாங்கி, இழந்தபோது வருந்துகின்றார்களோ, அதனைப் பொருளன்று என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

அறிவுக்கு வேலியா?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அறிவு இறைவனின் கொடை. அதனை மறைப்பவரை மார்க்கம் எச்சரிக்கிறது. நம் முன்னோர் நூல்களைத் தடையின்றிப் படியெடுத்தனர். எந்த இமாமும் தம் நூலுக்கு உரிமைத் தொகை கேட்டதில்லை. அவ்வாறிருக்க அறிவுக்கு வேலி போடுவது முறையாகுமா?’ இம்மறுப்பில் உண்மை உண்டு. அதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று.

எனினும் நம் முன்னோர் தடையின்றிப் படியெடுத்தனர் என்பது பாதி உண்மையே. ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர், அதனைப் பிறருக்கு அறிவிக்க இஜாஸா என்னும் இசைவைப் பெற்றார். எவரிடமிருந்து எவர் கேட்டார் என்னும் சங்கிலித் தொடரை, அதாவது இஸ்னாதை, நம் சமுதாயம் போற்றியதைப் போல் போற்றிய சமுதாயம் வேறெது? சொல்லைச் சொன்னவருக்கு உரித்தாக்குதல் கல்வியின் பரக்கத்து எனக் கருதப்பட்டது. கவிதைக் களவை ஆராய்வதற்கென்றே அரபு இலக்கண நூலோர் தனிப் பகுதி வகுத்தனர். 1505இல் மறைந்த இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள், தம் நூற்செய்திகளைத் தம் காலத்தவர் ஒருவர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டதைக் கண்டித்து, நூலாசிரியருக்கும் திருடருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதற்கென்றே ஒரு சிறு நூல் இயற்றினார்கள். ஆகவே, பணம் கேளாதிருந்தனர் என்பதால் உரிமை இல்லாதிருந்தனர் என்று பொருளாகாது.

மேலும், அக்காலத்தில் ஒரு நூலைப் படியெடுக்க ஒருவர் மாதக்கணக்கில் கண்விழித்து எழுதவேண்டும். படியெடுப்பவரின் உழைப்பும் அதில் கலந்திருந்தது. இன்றோ விரல் தொடும் நேரத்தில் ஆயிரம் படிகள். உழைத்தவர் ஒருவர், உண்பவர் வேறொருவர் என்னும் நிலை இந்த எளிமையால் விளைந்தது. காலம் மாறியபோது தீர்ப்பின் வடிவம் மாறுவது பிக்ஹு அறிந்தோருக்கு வியப்பன்று.

இவ்வினா தமிழகத்தில் பெரிய அளவில் எழுந்ததும் உண்டு. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் புதுச்சேரியில் தங்கி எழுதிய பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் எழுத்துக்களின் பதிப்புரிமை பின்னர் அவர் தம்பி சி. விசுவநாதனிடமும், பாடல்களை ஒலிபரப்பும் உரிமை படமுதலாளி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடமும் சேர்ந்தன. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமைச் சிக்கல் வழக்காக மூண்டது. மக்கள் கவிஞரின் பாடல் ஒருவரின் தனிச்சொத்தாக இருப்பதா என்னும் குரல் நாடெங்கும் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் ஈடு பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். கவிஞரின் மனைவி செல்லம்மாளுக்கும் மக்களுக்கும் அரசு பணம் வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாயின.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? அறிவு பொதுவாகவேண்டும் என்னும் வேட்கை நியாயமானது. ஆனால் அது பொதுவான வழியும் நியாயமாக இருந்தது. உரியவரைக் கேட்டு, ஈடு தரவேண்டியவருக்குத் தந்து, விட்டுக்கொடுப்பவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கப் பொதுவாயிற்று. ‘எல்லார்க்கும் பொது’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இரவோடிரவாக அச்சிட்டு விற்றிருந்தால் அது தொண்டாகாது.

நாட்டுச் சட்டம் சொல்வது

நாம் வாழும் நாட்டின் சட்டம் இவ்விரு உரிமைகளையும் வேறுவேறாக வைத்திருக்கிறது. இணையவழி வணிகம் செய்வோர் பலர் இவற்றைக் குழப்பிக்கொள்வதால் சிறிது விளக்குவோம்.

பதிப்புரிமை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆளப்படுகிறது. எழுத்து, ஓவியம், இசை, ஒளிப்படம் ஆகியவற்றுக்கு அவை உருவான நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுத்துக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. ஒளிப்படத்துக்கு வெளியான பின் 60 ஆண்டுகள். ‘படத்தின் மீது பெயர் இல்லை, ஆகவே எவரும் எடுக்கலாம்’ என்பது சட்டத்திலும் இல்லை, மார்க்கத்திலும் இல்லை. பாதையில் கிடந்த பணப்பையின் மீது பெயர் எழுதியிராவிடினும் அதற்கு உடையவர் ஒருவர் உண்டு என்பதைத்தானே பிக்ஹு நூல்களின் லுக்தா பாடம் நமக்குக் கற்பிக்கிறது?

ஆனால் சட்டம் காப்பது வடிவத்தையே, கருத்தை அன்று. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. வட்டலப்பம் செய்யும் முறை எவருடைய தனிச்சொத்தும் அன்று. அதனை விளக்கி ஒருவர் எழுதிய எழுத்தும் எடுத்த படமும் அவருடையவை. தாமே செய்து, தாமே படமெடுத்து விற்பவரை எவரும் தடுக்க இயலாது.

மற்றொன்றையும் வணிகர்கள் அறிந்திருத்தல் நலம். கூலி கொடுத்து ஒருவரிடம் சின்னம் வரையச் சொன்னதாலேயே அதன் உரிமை நம்முடையதாகிவிடும் என எண்ணலாகாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் நீண்டதொரு வசனமே அருளப்பட்டிருக்க, நம் வணிகர்கள் எழுத்தைத் தவிர்ப்பது வியப்புக்குரியது.

நம் படத்தைப் பிறர் இணையத்தில் எடுத்தாண்டால், அதனைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அந்நிறுவனம் நடவடிக்கை எடுக்கவேண்டும். முறையிட்டவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிடின் அது மீண்டும் படத்தைத் திறந்துவிடலாம்.

வணிக முத்திரை, அதாவது மக்கள் வழக்கில் ‘டிரேட் மார்க்’, 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டம் 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குரிய பதிவகம் சென்னையில் உள்ளது. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இனிப்புக்கு 30ஆம் வகுப்பு, அத்தருக்கு 3ஆம் வகுப்பு, ஆடைக்கு 25ஆம் வகுப்பு. 2017ஆம் ஆண்டு விதிகள் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் வகுப்பொன்றுக்கு இணையவழிக் கட்டணமாக 4,500 ரூபாய் நிர்ணயித்தன. பதிவகத்தின் ஏட்டில் வெளியான பின் 4 மாதங்கள் வரை பிறர் மறுப்புத் தெரிவிக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பதிவாகாத முத்திரைக்கு வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தை இடுவது தண்டத்துக்குரிய பொய்.

பதியாதவர் அநாதையல்லர். முன்னரே நேர்மையாக வழங்கி வந்தவரின் உரிமையைப் பின்னால் பதிந்தவர் பறிக்க இயலாது. பிறர் சரக்கைப் போல் தம் சரக்கை விற்பதைத் தடுக்கும் வழக்கும் பதியாதவருக்குத் திறந்தே இருக்கிறது. இணைய முகவரிக்கும் இது பொருந்தும். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே நிறுவனம் ‘சிபி’ என்னும் பெயரால் முகவரிகள் கொண்டிருக்க, வேறொரு நிறுவனம் ‘சிப்பிநெட்’ போன்ற ஒலியுடைய முகவரியைக் கொண்டது. 2004இல் உச்ச நீதிமன்றம், இணைய முகவரியும் வணிகரை அடையாளம் காட்டுவதே என்று கூறி முன்னவருக்குக் காப்பளித்தது. ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் பாவம் நீங்கிவிடும் என்போர் இத்தீர்ப்பைச் சிந்திக்கட்டும்.

இரு உரிமைகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நாம் கண்டோம். நூலுரிமை ஒரு நாள் முடிந்துவிடுகிறது. முத்திரையுரிமை புதுப்பிக்கும்வரை தொடர்கிறது. காரணம் உண்டு. நூல் மனித இனத்துக்கு விட்டுச்செல்லும் கொடை. ஆசிரியரும் அவர் வாரிசுகளும் உண்டபின் அது பொதுவாதலே முறை. முத்திரையோ சாட்சியம், சாட்சி சொல்பவர் இருக்கும்வரை அது அவருடையதாகவே இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு மேல் வழங்காது விட்ட முத்திரையை நீக்கக் கோரலாம் என்று சட்டம் கூறுவதும் இக்கருத்துக்கு இசைந்ததே.

உரியவருக்கும் எல்லை உண்டு

உரிமை கொண்டாடுபவரும் அத்துமீறலாம் என்பதை மறத்தலாகாது. பொதுச் சொல்லைத் தனதாக்கிக்கொள்ள முயல்வதும் ஒருவகை அபகரிப்பே. ‘தூய நெய்’ என்பதும் ‘இனிப்பு’ என்பதும் எல்லா வணிகர்க்கும் வேண்டிய சொற்கள். சரக்கின் தன்மையை மட்டும் கூறும் சொல்லைச் சட்டமும் எளிதில் பதிவதில்லை. சமயத்தின் திருப்பெயர்களும் அவ்வாறே. ‘இராமாயணம்’ என்னும் நூற்பெயரை ஊதுபத்திக்குத் தனி முத்திரையாக்க முயன்ற வழக்கில், புனித நூற்பெயரை ஒருவர் தமக்கே உரியதெனக் கொள்ள இயலாது என 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மக்காவையும் மதீனாவையும் கடைப்பெயராக்கி மகிழும் நம்மவர்க்கும் இதில் பாடம் உண்டு. அப்பெயர்களில் அன்பு கொள்ளலாம், ஆதிக்கம் கொள்ளலாகாது. ‘ஹலால்’ என்னும் சொல்லைப் பொறிப்பவரும் தாம் அல்லாஹ்வின் முன் சாட்சி சொல்கிறோம் என்பதை உணர்ந்து பொறிக்கவேண்டும்.

பணவுரிமை வேறு, பெயருரிமை வேறு என்பதும் கருதத்தக்கது. 1739 முதல் காரைக்காலில் கால்கொண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில், 1793லேயே நூலாசிரியர் உரிமை சட்டமாயிற்று. வணிக முத்திரைச் சட்டம் 1857இல் வந்தது. நூலின் விற்பனை உரிமையைக் கொடுத்துவிட்டாலும், ‘இதனை எழுதியவர் இன்னார்’ என்னும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்காது என்பது அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் வளர்த்த கொள்கை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் அதையே காக்கிறது. இஸ்னாதைப் பேணிய நமக்கு இது அயலார் சரக்காகத் தோன்றக் காரணமில்லை.

இறுதியாக ஒன்று. சிறு வணிகருக்குச் சட்டத்தின் துணை எளிதில் கிட்டுவதில்லை. இனிப்புச் செய்து விற்கும் ஒரு பெண்மணி சென்னைக்கும் நீதிமன்றத்துக்கும் எத்தனை முறை அலைய இயலும்? அவர் வழக்குத் தொடுக்கமாட்டார் என்னும் துணிவே பலரை அவருடைய படத்தை எடுக்கச் செய்கிறது. ஆனால் அவர் தொடுக்காத வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று எண்ணுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். அடியார்களுக்குச் செலுத்தவேண்டிய கடமையை, உரியவர் மன்னித்தாலன்றித் தவ்பா மட்டும் தீர்ப்பதில்லை. மறுமையில் தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் பொருளை உண்டதாலும் பிறர் மானத்தைக் குலைத்ததாலும் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வறியவராய் நிற்பவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பெயரை எடுத்தவர் பொருளையும் மானத்தையும் ஒருங்கே எடுத்தவராவார்.

ஆதலின் இணையத்தில் கடை விரிக்கும் சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்வது இது: பெயர் இடுமுன் அப்பெயர் முன்னரே பிறருடையதா எனத் தேடுங்கள். படம் வேண்டுமாயின் நீங்களே எடுங்கள். அன்றேல் எடுத்தவரைக் கேளுங்கள். எழுதிக்கொடுக்க வேண்டியதை எழுதிக்கொடுங்கள். முன்னரே எடுத்தாண்டது ஏதேனும் இருப்பின், உரியவரை நாடிச் சென்று தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் அதே தெருவில் வாழ்பவராகவும் இருக்கலாம்.

நம் தேட்டம் அனைத்தும் தூயதாக அமைய வல்ல நாயன் அருள்பாலிப்பானாக!